இருபத்திரண்டாம் தடைக்கும் இருபத்து மூன்றாம் தடைக்கும் நடுவே

ஒன்பதாம் தேதி, செவ்வாய்

மகளுக்கு, அப்பா எழுதுவது.

உன்னோடு போனில் பேசமாட்டேன் என்று நான்கு வருடத்துக்கு முன் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். கடிதம் எழுதமாட்டேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் அறுவை முடிந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்குள் நடமாடுகிறாள். நாற்காலி எது, வாளி எது என்று தெரியாவிட்டாலும் என் குற்றங்கள் மட்டும் அவளுக்குத் துல்லியமாகத் தெரிகின்றன.

அவள் கண்ணால்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது. உன் போட்டி முடிவுகளைத் தானே போனில் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒன்பது மாதத்துக்கு முன் எழுத்தெல்லாம் மங்கத் தொடங்கியதும், நூலகத்துக்குப் போய் அச்செடுத்து வந்து படித்துக் காட்டச் சொன்னாள். முடியாது என்றேன். ஆய்வகத்தில் இருந்த நிரந்தர வேலையை உதறிவிட்டு, முப்பது வயதில் வெளிநாட்டில் யாரோ ஒருவருடைய குதிரை லாயத்தில் லத்தி அள்ளப் போனவளின் மதிப்பெண்ணை நான் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டேன். மறுநாள் அவள் சமைக்கவில்லை. போய் அச்செடுத்து வந்தேன்.

எடுத்த வேலையை அரைகுறையாக விடுகிறவன் நான் இல்லை. லிஃப்ட் வேலையை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. பழுதான மோட்டாரை வீட்டுக்குத் தூக்கி வந்து, பிரித்துப் போட்டுக் கற்றேன். இதையும் அப்படியே கற்றேன். உங்கள் போட்டிக்கு மூன்று கட்டம். முதல் நாள் டிரெஸ்ஸாஜ். மணல் பரப்பில் குதிரை நடக்க வேண்டும், ஓட வேண்டும், திரும்ப வேண்டும். மேலே இருப்பவர் அதற்குச் சொல்வது பார்ப்பவர் கண்ணில் படக் கூடாது. இரண்டாம் நாள் கிராஸ் கண்ட்ரி. மேடும் காடுமாக நீண்ட பாதையில் ஓடி, மரக்கட்டை, பள்ளம், தண்ணீர் என்று இருபத்து நான்கு தடைகளைத் தாண்ட வேண்டும். சிவப்புக் கொடி வலப்பக்கமும் வெள்ளைக் கொடி இடப்பக்கமும் இருக்கும்படி தாண்டாவிட்டால் தாண்டியதாகவே கணக்கில்லை. குதிரை ஒரு முறை முரண்டு பிடித்து நின்றால் இருபது புள்ளி. மூன்றாம் நாள் ஷோ ஜம்பிங். அங்கே தட்டினால் விழுகிற கம்புகள். ஒரு கம்புக்கு நான்கு புள்ளி.

புள்ளி என்றால் நான் என்ன நினைப்பேன்? அதிகம் வாங்கியவர் ஜெயித்தார் என்றுதானே. ஒவ்வொரு ஞாயிறும் உன் பெயருக்கு எதிரே பட்டியலில் மிகச் சிறிய எண் இருக்கும். இருபத்தெட்டு, முப்பத்தொன்று. மற்றவர்களுக்கெல்லாம் ஐம்பது, எழுபது. நான் எண்ணை மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். அவள் முகம் மலர்ந்துவிடும். பெற்ற பாசம் என்று நினைத்துக்கொள்வேன். கீழ்வீட்டுத் தையல்காரர் படிக்கட்டில் பார்த்து விசாரிக்கும்போது, எப்போதும்போலக் கடைசிதான் என்று சொல்லிவிட்டு ஏறி வந்துவிடுவேன். எட்டு மாதம் இப்படி ஓடியது. போன மாதம் அந்தத் தையல்காரர் வீட்டுக்கே வந்து உன் அம்மாவிடம் ஆறுதல் சொல்லப் போக, குட்டு உடைந்தது. அவர் போன பிறகு அவள் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, “அது தண்டம்ங்க. குறைஞ்சா நல்லது. எட்டு மாசமா அவ முதல் அஞ்சு பேருக்குள்ள வந்துட்டிருக்கா. நீங்க படியேறி இறங்கி கடைசி கடைசின்னு தண்டோரா போட்டிருக்கீங்க” என்றாள். இப்போது அந்தத் தையல்காரர் என்னைப் பார்த்தால் அளவு எடுப்பதுபோலப் பார்க்கிறார்.

அது போகட்டும். நான் எழுத வந்தது போன ஞாயிற்றுக்கிழமை முடிந்த போட்டியைப் பற்றி. நாற்பத்தொரு பேர் கலந்துகொண்ட பெரிய போட்டி. முதல் நாள் முடிவில் நீ முதல் இடம். இதை நானே தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். மறுநாள் கிராஸ் கண்ட்ரி பட்டியலில், தடை ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை உன் பெயருக்கு எதிரே ஒரு தண்டமும் இல்லை. நேரமும் கட்டுக்குள் இருந்தது. அதற்கப்புறம் எண்ணே இல்லை. ‘ஆர்.டி.’ என்று இரண்டு எழுத்து. குறியீடுகளுக்கு விளக்கம் தாளின் அடியில் வரும். நூலகத்து அச்சு இயந்திரம் எப்போதும் அடிவரியை விழுங்கிவிடும். ஆனால் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முதல் இடத்தில் இருப்பவளை, இன்னும் இரண்டே தடை மீதியிருக்கும்போது நிறுத்தினால் அதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாதா? என்னை வேலையிலிருந்து நீக்கிய கடிதத்திலும் இப்படித்தான் இரண்டு எழுத்துச் சுருக்கம் ஒன்று இருந்தது.

ஆகவே போட்டிக் குழுவுக்கு மனு அனுப்பிவிட்டேன். நூலகத்துக் கணினியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் தட்டினேன். என் மகளை எந்தத் தடையில், எந்த அதிகாரி, எந்த விதியின் கீழ் வெளியேற்றினார் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நான் பதினான்கு வருடமாக மனு எழுதுகிறவன். எப்படிக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ பேசாமல் இரு. இதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா


இருபத்து மூன்றாம் தேதி, செவ்வாய்

மகளுக்கு,

அவர்களுடைய பதில் வந்தது. மரியாதையான பதில். படித்துவிட்டு நூலகத்தில் அரை மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். பொறுப்பில் இருக்கும் பெண் வந்து, “ஐயா, உடம்புக்கு என்ன?” என்று கேட்டாள். வயிறு என்றேன்.

அதில் எழுதியிருந்தது: இருபத்திரண்டாம் தடையைத் தாண்டியதும் குதிரையின் ஓட்டத்தில் ஓர் அடி சமமாக விழவில்லை என்று தங்கள் மகளுக்குத் தோன்றியிருக்கிறது. அவரே கையை உயர்த்திவிட்டு நிறுத்திக்கொண்டார். எந்த அதிகாரியும் அவரை வெளியேற்றவில்லை. அன்று மாலை மருத்துவர் குதிரையை இரண்டு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பரிசோதித்ததில் குறை எதுவும் காணப்படவில்லை. இதுதான் பதில். கீழே ஒரு வரி: நகல், குதிரையின் உரிமையாளருக்கு.

இப்போது எனக்குத் தெரியும். எலிமினேட்டட் என்றால் நடுவர்கள் வெளியேற்றுவது. ஆர்.டி., அதாவது ரிடயர்டு, என்றால் ஓட்டுகிறவர் தானே முடித்துக்கொள்வது. இரண்டுக்கும் வேறு வேறு குறியீடு. வேண்டுமென்றே ஒருவர் நிறுத்திக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மகள் அப்படிச் செய்வாள் என்று எப்படித் தோன்றும்? நாற்பத்தொரு பேரில் முதலாக நின்றுகொண்டு, இரண்டு தடை பாக்கி வைத்துவிட்டு, ஓர் அடி சரியாக விழவில்லை என்று கையைத் தூக்குவாளா ஒருத்தி? அந்த நகல் வரியையும் அப்போது நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு பேசியதை அவள் எனக்கு வரி விடாமல் சொல்லிவிட்டாள். சொல்லும்போது கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை, அதனால் எவ்வளவு கோபம் என்று என்னால் அளக்க முடியவில்லை. குதிரையை விலை பேசிக்கொண்டிருந்தார்களாம். வாங்க வந்த குடும்பத்துக்குப் பத்தொன்பது வயதில் ஒரு மகளாம், அவள்தான் ஓட்டப் போகிறாளாம். நீ நிறுத்தியதை, ஏதோ களைப்பு என்று சொல்லி, லாயத்தின் சொந்தக்காரியான குதிரைக்காரம்மா மூடி வைத்திருந்தாளாம். என் மனுவுக்குப் பதில் எழுதப் போய், சமமில்லாத அடி என்பது எழுத்தில் ஏறிவிட்டது. வாங்க வந்தவர்கள் அதைக் கேள்விப்பட்டுக் கேள்வி கேட்கிறார்கள். அதனால் குதிரைக்காரம்மா இப்போது உன்னிடம் ஒரு தாளை நீட்டியிருக்கிறாள். குதிரையின் காலில் குறை இல்லை, தவறு என்னுடையது, பயத்தில் நிறுத்திவிட்டேன் என்று நீ கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அங்கேயே இருக்கலாம், ஓட்டுவதற்கு இளங்குதிரை ஒன்றும் தருவாள். போடாவிட்டால் அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

“அப்பாகிட்ட சொல்லு, இனிமே எனக்காக ஒரு வரிகூட எழுத வேண்டாம்னு” என்று நீ சொன்னாயாம். சரி. இது உனக்காக எழுதுவதல்ல, உனக்கு எழுதுவது.

கையெழுத்தைப் போடு.

யோசித்துத்தான் சொல்கிறேன். நீ நான்கு வருடம் லத்தி அள்ளி, சேணம் துடைத்து, பிறகு ஏறி உட்கார்ந்த இடம் அது. நான் அதை மதிக்கவில்லை, அது வேறு விஷயம். நீ பட்ட பாடு பட்டதுதானே. ஒரு தாளுக்காக அதை விட்டுவிடாதே. விதியைப் படித்துப் பார்த்தேன். குதிரையைப் பரிசோதிக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கெட்டியான சமதரையில் கயிற்றைப் பிடித்து ஓட்டிக் காட்ட வேண்டும். மருத்துவர் காலடியைப் பார்ப்பார். சந்தேகம் என்றால் தனியே நிறுத்திவைத்து இன்னொரு தடவை ஓட்டச் சொல்வார்கள். உன் குதிரையை இரண்டு தடவை ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு தடவையும் சரியாக ஓடியிருக்கிறது. பார்க்க வேண்டியவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அதற்கு மேல் ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? என் விஷயத்தையே எடுத்துக்கொள். அன்று காலை அந்த லிஃப்டை நான் பத்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பத்து முறையும் சரியாக நின்றது. சரி என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினொன்றேகால் மணிக்கு அது திறந்த கதவோடு நகர்ந்து அந்தத் தட்டச்சுப் பெண்ணின் காலை நசுக்கியது என்றால் குற்றம் என்னுடையதா? பிரேக் பட்டையை மலிவாக வாங்கியவன் குற்றம். என் மேல் பழி போட்டு வெளியே தள்ளினார்கள். பதினான்கு வருடமாக நான் விடவில்லை. அடுத்த மாதம் இருபதாம் தேதி மேல்முறையீடு விசாரணைக்கு வருகிறது, இந்தத் தடவை என் பெயரைச் சுத்தமாக எழுத வைப்பேன்.

பரிசோதித்தபோது சரியாக இருந்ததென்றால் சரிதான். உனக்குத் தோன்றியது உனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். தோன்றியதையெல்லாம் கணக்கில் எடுத்தால் உலகத்தில் ஒரு லிஃப்டும் ஓடாது.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “உங்க இஷ்டம்” என்று எழுந்து போய்விட்டாள். அவள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும். இருந்தும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அப்பா


இரண்டாம் தேதி, வியாழன்

என் மகளுக்கு,

போன கடிதம் உன் கைக்கு வந்திருக்கும். இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். பதினைந்தாம் தேதிக்குள் சேர்ந்துவிடும் என்று தபால் அலுவலகத்தில் இரண்டு ஜன்னலில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இதைப் படிக்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போட்டிருந்தாலும் மீதியைப் படி.

உனக்கு எழுதி அனுப்பிய நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை மூன்று மாடியும் இறங்கி ஏறுகிறேன். மோர் வாங்கப் போய் சோப்பு வாங்கி வருகிறேன். குழாயைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தேன் என்று நிற்கிறேன். அம்மா, “உள்ள இருங்க, இல்ல வெளிய இருங்க. வாசல்ல நின்னு காத்த மறைக்காதீங்க” என்கிறாள்.

வெள்ளிக்கிழமை, அடுத்த தெருவில் இருக்கிற நாய் டாக்டரிடம் போனேன். பூனைகளோடு வந்திருந்த இரண்டு பெண்களுக்கு நடுவே வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்ததும் குதிரையின் காலைப் பற்றிக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பெரியவரே, குதிரை எங்க?” என்றார். வெளிநாட்டில் என்றேன். “நல்லவேளை. இந்தக் கதவுல நுழையாது” என்றார். ஆனால் நல்ல மனிதர், உட்கார வைத்துச் சொன்னார். நொண்டல் என்பது எப்போதும் தெரிந்துகொண்டே இருக்காதாம். வேகத்தில், களைப்பில், ஒரு குறிப்பிட்ட இறக்கத்தில் ஒரே ஓர் அடி தடுமாறும்; பிறகு சமதரையில் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் சுத்தமாக ஓடுமாம். அப்படியானால் அதை யார் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். “மேல உக்காந்திருக்கறவங்கதான். பார்க்கறவங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவங்க உடம்புக்குத் தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி போறவங்கதான் அதிகம்” என்றார். பணம் வாங்க மறுத்துவிட்டார். நான் நன்றி சொல்ல மறந்துவிட்டு வந்துவிட்டேன் என்று பிறகுதான் நினைவு வந்தது.

அங்கிருந்து நேரே நூலகம். உன் ஓட்டத்தின் வீடியோ இருக்கிறது என்று அந்தப் பெண் கண்டுபிடித்துக் கொடுத்தாள். காதில் மாட்டிக்கொள்ள ஹெட்ஃபோனும் தந்தாள். அந்தக் குதிரையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். உன் அம்மா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறாள், உனக்குத் தெரியுமா? நீ வாரம் தவறாமல் அதன் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பற்றியே பேசினால் வேறு என்ன பெயர் வைப்பாள். பெரிய மிருகம். அதன் மேல் நீ சின்னதாக இருக்கிறாய். தண்ணீரில் இறங்கி ஏறினாய், கட்டைகளைத் தாண்டினாய், ஒவ்வொன்றுக்கும் நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இருபத்திரண்டாம் தடை ஓர் இறக்கத்தில் இருக்கிறது. தாண்டினாய். அதன் பிறகு ஆறேழு பாய்ச்சல் போனதும் உன் கை மேலே போனது.

கண்ணால் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குளம்புச் சத்தத்தை மட்டும் கேட்டேன். இயந்திரத்தைக் காதால் பார்த்துப் பழகியவன் நான். மூன்றாம் தடவை கேட்கும்போது ஓர் அடி தள்ளி விழுந்ததுபோல இருந்தது. நாலாம் தடவை இல்லை. அதற்கப்புறம் கேட்கக் கேட்க எல்லா அடியும் சரியாகவே இருந்தது. அந்தப் பெண் வந்து, “ஐயா, இன்னும் எத்தனை தடவை? வெளிய ஆளுங்க காத்திட்டிருக்காங்க” என்று கேட்டபோது எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தாறு தடவை. பயத்தில் நிறுத்தினாய் என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறதாமே. நாற்பத்தாறு தடவையும் உன் கையைப் பார்த்தேன். பயந்தவள் கை அப்படிப் போகாது. பஸ்ஸை நிறுத்துவதுபோல நிதானமாகப் போகிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ஒரு தடவை கேட்டது, அப்புறம் கேட்கவில்லை, எது உண்மை என்று தெரியவில்லை என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: “அன்னிக்கு காலையில ஒன்பதரை மணிக்கு வீட்டுக்கு வந்தீங்க. தட்டு போட்டேன். கைகழுவிட்டு வந்து உக்காந்து, ஒரு வாய்கூட சாப்பிடாம எழுந்து போனீங்க. பத்து தடவையும் சரியா இருந்தா, ஏன் சாப்பிடல?”

பதினான்கு வருடம் கழித்துக் கேட்கிறாள். அதுவரை அதை மடித்து எங்கே வைத்திருந்தாளோ.

நான் அந்த லிஃப்டைப் பதினொரு முறை இயக்கினேன். எல்லா மனுவிலும் பத்து என்று எழுதினேன். எட்டரை மணிக்கு நான்காவது மாடியில் முதல் தடவை நிறுத்தினேன். கதவு திறந்தது. நின்ற பெட்டி ஒரு விரற்கடை கீழே இறங்கியது. என் கால் அதை உணர்ந்தது. ஒரே ஒரு தடவை. உடனே பத்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், மயிரிழைகூட நகரவில்லை. கீழே மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிற நாள். லிஃப்டை நிறுத்தி வைக்கிறேன் என்று சொன்னால், ஏன், என்ன ஆச்சு என்று கேட்பார்கள். காட்டு என்பார்கள். காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. காலுக்குத் தோன்றியது என்றா சொல்வது? கையெழுத்துப் போட்டேன். அந்தத் தட்டச்சுப் பெண்ணுக்கு அப்போது இருபத்தாறு வயது. இப்போதும் கோல் ஊன்றித்தான் நடக்கிறாள்.

மலிவான பட்டை வாங்கியது அவர்கள் குற்றம்தான், அதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றமாட்டேன். ஆனால் அந்த முதல் தடவையை நான் யாரிடமும் சொன்னதில்லை. விசாரணையில் சொல்லவில்லை, வக்கீலிடம் சொல்லவில்லை, உன் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்தால் நாளடைவில் அது நடக்காததாக ஆகிவிடும் என்று நினைத்தேன். ஏறக்குறைய ஆகியும்விட்டது. என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நான் சத்தம் போட்டதைப் பத்து வருடம் நீ இந்த வீட்டில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். நீ எப்படி இப்படி ஆனாய் என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடமிருந்து வந்ததல்ல.

இனி உன் விஷயம். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. குதிரையின் கால் வீங்கினாலும் சரி, வீங்காமலே போனாலும் சரி. அந்தக் குதிரைக்கு ஒன்றுமில்லை என்று நாளைக்குப் பத்து மருத்துவர்கள் வந்து சொன்னாலும், நீ உணர்ந்ததை உணரவில்லை என்று எழுதிக் கொடுக்காதே. அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் அதன் மேல் ஏறி அந்த மாதிரி ஓர் இறக்கத்தில் இறங்குவாள். அவளுடைய அப்பாவிடம் நீ நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடு. நம்பினால் நம்பட்டும். உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று அந்த ஊரே சொல்லட்டும். இங்கே தையல்காரரிடம் நான் சரியாகச் சொல்லி வைத்திருக்கிறேன். ரிடயர்டு என்றால் என்ன என்று அவருக்குப் படிக்கட்டில் நின்றே அரை மணி நேரம் விளக்கினேன். பாவம், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

வேலை போய்விடும். அது என் மனுவால் வந்தது. இல்லாவிட்டால் எல்லாம் தானாக அடங்கியிருக்கும். இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும், போன கடிதத்தில் சுற்றி வளைத்துத் தப்பித்துக்கொண்டேன். எங்கே வேறு லாயம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. தேடும்வரை இங்கே வந்து இரு. உன் அறையில் என் வழக்குக் கட்டுகள் இருந்தன. நேற்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். வக்கீலுக்கு எழுதி மேல்முறையீட்டைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டேன். அவர் போனில் அலறினார். உங்களுக்குப் பைத்தியமா, ஜெயிக்கிற கேஸ் என்றார். ஜெயிக்கிற கேஸ்தான் என்றேன்.

வந்தால் போனில் பேசமாட்டேன் என்பது பொருந்தாது, நேரில்தானே பேசப் போகிறோம்.

ஒன்று பாக்கி. அந்தத் தட்டச்சுப் பெண்ணின் வீடு எங்கே என்று எப்படி விசாரிப்பது என்று காலையில் யோசித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா, “இருபத்தேழாம் நம்பர் பஸ். கடைசி ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்” என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இப்போது அவள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செருப்பும் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். வழியில் தபால் பெட்டி இருக்கிறது. இதை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கதவைத் திறந்தால் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. நூறு மனு எழுதியிருக்கிறேன், இதற்கு முதல் வரி வரமாட்டேன் என்கிறது. திறக்கவே மாட்டாளோ என்னவோ. திறக்காவிட்டால் நாளைக்கும் போவோம்.

நீ கையெழுத்துப் போடாதே, கண்ணு. சாப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதே.

அப்பா